வீண்தீங்கு தவிர்த்தல்: வைப்பாற்று நாடு புகட்டும் பாடம்



2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகள் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன. ஒன்று, திருவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் இணைக்கப்பெற்று, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டமை. மற்றொன்று, அத்திங்கள் 12ஆம் நாள், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து. அதில் பெண்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். முதற் செய்தியைப் படித்து மகிழ்ந்தோம். இரண்டாவதைப் படித்து வருந்தினோம். ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்த்தோமல்லோம்.

அவ்வாறு எண்ணிப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டங்களில் வாழும் நம்மவர்க்குச் சாத்தூரும் அச்சங்குளமும் தொலைவான ஊர்கள். எனினும் ஐப்பசி அமாவாசையை ஒட்டி நம் இல்லங்களுள் நுழையும் பட்டாசுப் பெட்டியின் வழியே அவ்வூர்கள் ஆண்டுதோறும் நம் வாயிலுக்கு வந்து சேர்கின்றன. அன்றியும், அக்கரிசல் நாடு நமக்கு முற்றிலும் அயல் நாடும் அன்று. கோவிற்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ்க் காணப்படும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் ஆண் ஆசிரியர்களோடு பெண் ஆசிரியர்களாகிய குரத்தியர் பெயர்களும் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் அறம் கற்பிக்கப்பட்ட மண் அது. இன்று அம்மண்ணிடமிருந்து நாம் ஒரு பாடம் கற்க வேண்டியவராயுள்ளோம்.

1. ஆறு உயிர்க்காயம்

உயிர்கள் நிற்பன, இயங்குவன என இருவகைப்படும். நிற்பன ஐந்து: நிலத்தை உடலாகக் கொண்டவை, நீரை உடலாகக் கொண்டவை, தீயை உடலாகக் கொண்டவை, காற்றை உடலாகக் கொண்டவை, தாவரமாகிய உடலைக் கொண்டவை. இவை ஓரறிவுயிர்கள். இரண்டறிவு முதல் ஐந்தறிவு வரையுள்ள புழு, எறும்பு, வண்டு, பறவை, விலங்கு, மாந்தர் ஆகியோர் இயங்குவன, அதாவது திரச காயத்தைச் சேர்ந்தோர். இவ்வாறும் சேர்ந்து ஆறு உயிர்க்காயம் எனப்பெறும். இது நம் பாடசாலைகளில் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம்.

இப்பகுப்பைச் சிறுவர்கள் மனப்பாடமாகக் கூறுவர். ஆனால் 'நீங்கள் வாழும் ஊரில் இவ்வாறு காயங்களும் எங்கெங்கு உள்ளன, அவற்றிற்கு இன்று நேர்வது யாது?' என வினவின் விடை கூற இடர்ப்படுவர். ஆசிரியப் பயிற்சியில் யாம் கற்ற முதல் விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல் என்பது. இங்கு அறிந்த பாடம் ஆறு காயம். அறியாதது, அக்காயங்கள் ஒன்றையொன்று சார்ந்து ஒரு நிலப்பரப்பில் வாழும் முறை. இதனையே இன்றைய அறிவியலார் சூழலமைப்பு என்பர். அறிவியல் கூறும் நுண்ணுயிரும் ஆகமம் கூறும் நிலவுடலுயிரும் ஒன்றே எனச் சாதிப்பது எம் கருத்தன்று. இரண்டும் வேறு வேறு நோக்குகள். ஆயினும் மண்ணையும் நீரையும் உயிரற்ற பொருளென எண்ணி நடத்தலாகாது என்னும் முடிவில் இரண்டும் ஒருங்கு நிற்கின்றன.

2. மலை முதல் கடல் வரை

வெப்பமண்டல நாடாகிய இந்தியா, உலகில் உயிர்வகை மிகுந்த 17 நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் பல்வகை இயற்கைச் சூழல்களையும் ஒரே ஆற்றின் வழியில் காண விரும்புவோர் வைப்பாற்றைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் தோன்றி, கரிசல் நிலத்தினூடே சாத்தூர் வழியாக ஓடி, இருக்கன்குடியில் அருச்சுனா ஆற்றோடு கூடி, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைச் சேர்வது வைப்பாறு. மழைக்காலத்து ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. அவ்வழியே நாமும் நடந்து காண்போம்.

முதலாவது மலைக்காடு. 1988ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புச் சாம்பல்நிற மலை அணிலுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதுவே பின்னர் மேகமலையோடு சேர்ந்து, ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் கொண்ட புலிகள் காப்பகமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 2012ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்ற 39 இடங்களுள் திருவில்லிபுத்தூர்க் காடும் ஒன்று.

அம்மலை அணிலின் வாழ்க்கை முறை நம் பாடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது பெரும்பாலும் தரையில் இறங்குவதில்லை. ஓடைக்கரை மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடங்களிலேயே மரம் விட்டு மரம் தாவி, உண்டு, கூடு கட்டி, குட்டி ஈன்று வாழும். இரு மரங்களுக்கு இடையில் ஒரு மரம் வெட்டப்பட்டால் நமக்கு அது ஒரு மரத்தின் இழப்பு. அணிலுக்கோ வழியே அற்றுப்போதல். அதன் உடலைத் தொடாமலேயே, வாளின்றி வில்லின்றி, அதன் உயிர்வாழ்க்கையைக் குலைக்க இயலும் என்பதை இதனால் அறிகிறோம். கோடைக் காட்டுத் தீ, அயல்நாட்டு உண்ணிச்செடியின் பரவல், மலைக்கோயில்களுக்குச் செல்வோர் விட்டுவரும் நெகிழிக் குப்பை ஆகியன இக்காட்டின் மீதுள்ள பிற நெருக்கடிகள்.

இரண்டாவது கரிசற் சமவெளி. கோடையில் வெடித்துப் பிளந்தும், மழையில் குழைந்தும் நிற்கும் கருமண். பருத்தி, கம்பு, குதிரைவாலி, மிளகாய் ஆகியவை மழையை நம்பி விளைவன. உடையும் வெள்வேலும் நின்ற முட்புதர்க் காடுகளைப் பயனற்ற தரிசு என எண்ணுதல் பெரும் பிழை. கௌதாரி, கீரி, முயல், ஆமை, பலவகைப் பாம்புகள் முதலியவற்றிற்கு அதுவே இல்லம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டு, பின்னர் விறகிற்கெனப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் இன்று அப்புதர்க்காட்டையும் ஓடைகளையும் மூடி நிற்கிறது. அதனை வெட்டிக் கரிமூட்டம் போடுதலே சில குடும்பங்களின் பிழைப்பாகவும் ஆகிவிட்டது. கரி சுடுதலை இல்லறத்தார் விலக்கத்தக்க பதினைந்து தொழில்களுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர். ஆனால் வேறு வழியற்றுச் செய்வோரைப் பழிப்பதற்கு அது கூறப்பட்டதன்று.

மூன்றாவது கண்மாய். தென்பாண்டி நாட்டில் ஏரியைக் கண்மாய் என்பர். பெய்யும் சிறுமழையைத் தேக்கி, உழவிற்கும் கால்நடைக்கும் ஈந்து, எஞ்சியதை அடுத்த கண்மாய்க்கு அனுப்பும் தொடர் அமைப்பு அது. மீனும் நத்தையும் தவளையும் நாரையும் அந்நீரால் வாழ்வன. வரத்துக் கால்வாய் தூர்ந்தும், கரைக்குள் சீமைக்கருவேலம் மண்டியும், ஆற்றுமணல் அள்ளப்பட்டு ஊற்று வற்றியும் போனமையால் பல கண்மாய்கள் பெயரளவில் நிற்கின்றன. நீர்நிலையை வற்றச் செய்தலும் அப்பதினைந்தனுள் ஒன்றாகும் என்பதை ஈண்டு நினைவு கொள்க.

நான்காவது கடல். வைப்பாறு சேரும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறை என்பது பாறையன்று. நுண்ணிய உயிர்கள் தம் உடற்சுண்ணத்தால் கட்டிய குடியிருப்பு. சுண்ணாம்பிற்கும் கட்டடத்திற்கும் அது பல்லாண்டு வெட்டியெடுக்கப்பட்டது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி எனும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. கடல்நீரின் வெப்பம் உயர்ந்தமையால் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் பெருமளவில் வெளிறின.

மலை, சமவெளி, கண்மாய், கடல் என நான்கும் ஒரே நீரோட்டத்தால் கோக்கப்பட்டவை. மலையில் மரம் குறைந்தால் ஆற்றில் நீர் குறையும். ஆற்றில் கலக்கும் நஞ்சு கடல்வரை செல்லும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பன என்னும் நம் சமயக் கோட்பாடு நூலில் மட்டும் உள்ளதன்று. வைப்பாற்றின் கரையில் நின்றால் கண்ணாற் காணத்தக்கது.

3. தீயின் தொழில்

இக்கரிசல் நாட்டில் தீயைத் தொழிலாகக் கொண்டமைக்கு வறட்சியே காரணம். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, உழவால் ஆண்டு முழுவதும் பிழைக்க இயலாமை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில், 1923ஆம் ஆண்டில் திரு. அய்ய நாடார், திரு. சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. இன்று நம் நாட்டுப் பட்டாசின் பெரும்பங்கு இவ்வட்டாரத்திலேயே செய்யப்படுகிறது. வானம் பொய்த்த மண்ணில் பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறிட்ட தொழில் இது. இதனை மறந்து பேசுதல் நேர்மையாகாது.

இத்தொழிலின் மூலப்பொருள்கள் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள், கரி முதலியன. பச்சை ஒளிக்குப் பேரியமும், சிவப்பிற்கு ஸ்டிரான்சியமும், நீலத்திற்குச் செம்பும் சேர்ப்பர். இக்கலவையைத் தொழிலாளர் 'மருந்து' என்பர். மருந்து கலக்கும் அறையிலும் நிரப்பும் அறையிலும் எழும் சிறு உராய்வே விபத்துகள் பலவற்றின் தொடக்கம். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் மக்கள் இறந்தனர். 2021இல் அச்சங்குளம். இடையிலும் பின்னரும் நேர்ந்தவை பல.

தீயால் நேரும் இடர் தொழிற்கூடத்தோடு நிற்பதில்லை. பட்டாசில் ஆக்சிசன் தரும் பொருளாகச் சேர்க்கப்படும் பெர்குளோரேட்டு நீரில் எளிதிற் கரைவது. சிவகாசி வட்டாரத்தில் தொழிற்கூடங்களை ஒட்டிய நிலத்தடி நீரில் அது மிகுதியாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் கூறுகின்றன. அது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் தன்மையது. இவ்வாறு தீயின் பொருட்டு நிலம் கெட்டு, நிலத்தின் வழியே நீர் கெட்டு, நீரின் வழியே உயிர் நலிகிறது. பட்டாசு வெடிக்கப்படும் நகரங்களில் காற்றும் கெடுகிறது. 2015ஆம் ஆண்டு மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால், தூய காற்று வேண்டி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கில் 2018 அக்டோபர் 23ஆம் நாள் நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளையும் சரவெடியையும் தடை செய்து, வெடிக்கும் நேரத்தையும் வரையறுத்தது.

ஆறு காயங்களையும் இனி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு பட்டாசு பிறந்து வெடிப்பதற்குள் நிலம், நீர், தீ, காற்று, தாவரம், இயங்குயிர் ஆகிய ஆறும் தொடப்பட்டுவிட்டன. அதனால் விளைந்த பயன் யாது? சில நொடி ஒளி, சில நொடி ஓசை.

4. அநர்த்த தண்டம் என்னும் வீண்தீங்கு

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷாவிரதம் நான்கு. குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதி. அர்த்தம் என்பது பயன். தண்டம் என்பது தீங்கு. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதலே இவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் இது விளக்கப்பெறுகிறது.

வீண்தீங்கு ஐவகைப்படும். பிறர்க்குத் தீய தொழிலை உபதேசித்தல்; தீங்கு செய்யும் கருவிகளைப் பிறர்க்கு அளித்தல்; பிறர்க்குக் கேடு நினைத்தல்; தீய நூல்களையும் கதைகளையும் கேட்டல்; கருத்தின்றி, சோர்வினால் ஒழுகுதல். இவற்றுள் இரண்டு நம் பாடத்திற்கு மிகவும் உரியவை.

முதலாவது இம்சாதானம், அதாவது தீங்கின் கருவியை அளித்தல். கோடரி, வாள், நஞ்சு முதலியவற்றோடு தீயும் அப்பட்டியலில் வைக்கப்பட்டுள்ளது. பேரக்குழந்தைகளுக்கும் பணியாளர்க்கும் பட்டாசுப் பெட்டியைத் தீபாவளிப் பரிசாக நாம் அளிக்கும்போது அன்பினால் அளிக்கிறோம். ஆயினும் அளிக்கப்படும் பொருள் யாது என்பதையும் நோக்க வேண்டும்.

இரண்டாவது பிரமாத சரியை, அதாவது சோர்வான ஒழுக்கம். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைக் கலக்குதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், தாவரத்தை வெட்டுதல் ஆகியவற்றை ஆசாரியர் இதன்கீழ் எடுத்துரைக்கிறார். நிற்பனவாகிய ஐந்து காயங்களும் இங்கு ஒவ்வொன்றாக எண்ணப்பட்டுள்ளன. சுற்றுச்சூழல் என்னும் சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட வரையறை இது.

கேடு எண்ணாதவர்க்கும் சோர்வினால் தீங்கு வரும் என்பதற்கு ஒரு சான்று. கழுகுமலையின் பெயரில் கழுகு உண்டு. இறந்த உடலை உண்டு நிலத்தைத் தூய்மை செய்யும் வெண்முதுகுப் பாறு இந்நாட்டில் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்டது. மாடுகளின் வலி நீக்க அளிக்கப்பட்ட டைக்ளோஃபினாக் எனும் மருந்து, அம்மாடுகள் இறந்தபின் அவற்றை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990ஆம் ஆண்டுகளில் தொடங்கிய இவ்வழிவில் அவ்வினம் 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. 2006ஆம் ஆண்டில் கால்நடைகட்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மருந்து கொடுத்தவர் இரக்கத்தாலேயே கொடுத்தார். பறவையை அவர் நினைத்திலர். இரக்கமும் முழுமையான அறிவோடு கூடினாலன்றி அகிம்சையாகாது.

ஈண்டு எம் குறையையும் கூறுதல் முறை. இவ்விரதத்தைப் பல்லாண்டு பாடசாலைச் சிறுவர்க்குக் கற்பித்த எம் இல்லத்திலேயே தீபாவளிதோறும் பட்டாசு வாங்கப்பட்டது. 'குழந்தைகள் மகிழட்டும்' என்றிருந்தோம். 2021ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த பெயரன் பெட்டியின் மீதிருந்த முகவரியைப் படித்து, 'சாத்தூர் எங்கே இருக்கிறது, பாட்டி?' என்று கேட்டான். அவ்வாண்டின் தொடக்கத்தில் நாளிதழில் படித்த ஊர்ப்பெயர் அது. ஊர் இருக்கும் திசையைக் கூறினோம். அங்கு நேர்ந்ததைக் கூற நா எழவில்லை. விடை கூற நாணும் செயலைக் குழந்தையின் கையில் கொடுத்தல் தகாது என அன்று உணர்ந்தோம். அதன்பின் எம் இல்லத்தில் பட்டாசு வாங்கப்படவில்லை.

5. ஒரு மறுப்பும் அதற்குரிய விடையும்

'நாம் வாங்காதொழிந்தால் அத்தொழிலாளர் பிழைப்பது எவ்வாறு?' என்று கேட்போர் உளர். இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. பசியும் ஓர் இம்சையே. பகவான் விருஷபதேவர் மாந்தர்க்கு வாள்தொழில், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், கைத்தொழில் என ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது ஆதிபுராணம் கூறும் செய்தி. தொழில் செய்து வாழ்தல் இல்லறத்தார்க்கு ஏற்புடையது. தொழிலில் தவிர்க்கவியலாது நேரும் தீங்கை உத்தியோக இம்சை என வேறாக வகுத்தனர்.

இப்பகுப்பைக் கொண்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அச்சங்குளத்தில் மருந்து நிரப்பிய பெண்ணுக்கு அப்பட்டாசு அர்த்தமுடையது. அவள் வீட்டு உலையரிசி அது. அதே பட்டாசு அதனை வாங்கி வெடிப்பவருக்கு மட்டுமே அநர்த்தமாகிறது. ஆதலின் இவ்விரதம் தொழிலாளரை நோக்கிக் கூறப்படுவதன்று. வாங்கும் நம்மை நோக்கிக் கூறப்படுவது. அவர்கள் மீது குற்றம் சுமத்தி நாம் தூயவர் என நிற்பது அறமாகாது.

மேலும், வாங்காது விடுதலோடு நம் கடமை முடிந்ததாகக் கொள்ளலாகாது. பட்டாசிற்கென ஒதுக்கிய தொகை அம்மண்ணிற்கே வேறு வழியில் சென்று சேரட்டும். சிவகாசியின் அச்சகங்கள் நோட்டுப்புத்தகமும் நாட்காட்டியும் செய்கின்றன. விருதுநகர்க் கரிசலில் கம்பும் குதிரைவாலியும் சம்பா வற்றலும் விளைகின்றன. நெருப்பில்லாத தொழில்களுக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், 'உமக்கு வேறு பிழைப்பு உண்டு' எனக் கூறும் சொல்லாகும். ஒருவர் செய்கையால் ஒரு தொழில் மாறிவிடாது என்பதை அறிவோம். ஆயினும் விரதம் என்பது உலகை மாற்றுவதற்கு முன் நம்மை மாற்றிக் கொள்வதற்கு ஏற்பட்டது.

6. தீபாவளியும் விளக்கும்

பகவான் மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய நாளே நமக்குத் தீபாவளி. மக்கள் விளக்கேற்றி வழிபட்ட செய்தியை, கி.பி. 783இல் ஜினசேனர் முடித்த ஹரிவம்ச புராணத்தில் காணலாம். அங்கு ஒளி உண்டு, வெடி இல்லை. விளக்கில் விட்டில் விழுந்து மடியுமே என அஞ்சி இரவுணவை நீத்த மரபு நம்முடையது. ஒரு விட்டிலுக்கு அஞ்சியவர் வழிவந்தோர் ஓர் ஊரே நடுங்கும் வெடியை அந்நாளில் வெடித்தல் பொருந்துமா?

இதனை நமக்கு முன்பே செய்து காட்டியோர் உளர். அவர்கள் சமணரும் அல்லர். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் மழைக்காலத்தில் நாரையும் கொக்கும் பிற பறவைகளும் வந்து கூடு கட்டும். 1977ஆம் ஆண்டு அவை பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. கூட்டிலிருக்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடலாகாது என்பதற்காக அவ்வூர் மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இவ்வழக்கம் உண்டு. அநர்த்த தண்ட விரதம் என்னும் பெயரை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், விரதத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். பெயரை அறிந்த நாம் அவர்களிடம் கற்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

7. கடைப்பிடிக்கத் தக்கவை

அ. ஏதேனும் ஒன்றை வாங்குமுன், வெட்டுமுன், மூட்டுமுன், 'இதனால் பயன் யாது? இதனைத் தாங்கும் உயிர் எது?' என இரு வினாக்களைத் தமக்குள் கேட்டல்.

ஆ. வீர நிர்வாண நாளில் இல்லத்திலும் ஜினாலயத்திலும் விளக்கேற்றி வழிபட்டு, பட்டாசை முற்றிலும் தவிர்த்தல், பரிசாகவும் அளியாதிருத்தல்.

இ. அவ்வகையில் மிஞ்சிய தொகையை ஏழை மாணவர் கல்விக்கும், கரிசல் விளைபொருள் வாங்குதற்கும் பயன்படுத்தல்.

ஈ. தம் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயை ஆண்டிற்கு ஒருமுறையேனும் சென்று பார்த்தல். அடைபட்டிருப்பின் ஊராரோடு கூடி உரியவர்க்கு எடுத்துரைத்தல்.

உ. கழுகுமலை முதலிய மலைத் தலங்களுக்கு யாத்திரை செல்வோர் கொண்டு சென்ற நெகிழிப் பொருள்களைத் திரும்பக் கொண்டு வருதல்.

பட்டாசு வாணிகம் செய்வோர் நம்மிடையே சிலர் இருக்கலாம். அவர்களைப் புண்படுத்துவது எம் எண்ணமன்று. ஒரே நாளில் கைவிடுதல் அரிதெனின், ஆண்டிற்குச் சிறிதாகக் குறைத்து வருதலும் விரதத்தின் பாற்பட்டதே. அணுவிரதம் என்னும் பெயரே சிறிதினின்று தொடங்குக எனக் கூறுகிறது.

பாடசாலை மாணவர்க்குரிய வினாக்கள்

1. ஆறு உயிர்க்காயங்கள் யாவை? உம் ஊரிலிருந்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. சாம்பல்நிற மலை அணிலுக்கு மரக்கிளைகளின் தொடர்ச்சி ஏன் இன்றியமையாதது?
3. வீண்தீங்கின் ஐவகைகளைக் கூறி, இம்சாதானத்தை விளக்குக.
4. ஒரே பட்டாசு ஒருவர்க்கு அர்த்தமாகவும் மற்றொருவர்க்கு அநர்த்தமாகவும் ஆவது எவ்வாறு?
5. கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் வழக்கத்தை உம் ஊரில் கடைப்பிடிக்க யாது செய்வீர்? பெற்றோரோடு கலந்து பேசி எழுதுக.

ஐந்தாம் வினாவிற்குரிய விடையை மாணவர் மட்டும் எழுதினாற் போதாது. பெற்றோரும் எழுதுதல் வேண்டும். வரும் ஐப்பசி அமாவாசையன்று நாம் ஏற்றும் விளக்கு, பகவானின் நினைவோடு, அச்சங்குளத்தில் மாய்ந்தோர்க்கும், மலையில் கிளை தேடும் அணிலுக்கும், கண்மாயில் கூடு கட்டும் நாரைக்கும் உரியதாகட்டும்.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!